பாடுகிற ரேடியோவை நம்பி ஏமாந்த கதை

தாத்தா வாங்கிய வால்வு ரேடியோ (டிரான்சிஸ்டருக்கு முந்தைய, கண்ணாடிக் குழாய்களால் ஓடுவது) பல வருடமாகப் பரணில் கிடந்தது. தூசி தட்டி, இற்றுப்போன வயரை மட்டும் மாற்றி, பிளக்கைச் சொருகிவிட்டேன். டயல் விளக்கு எரிந்தது. அரை நிமிடத்தில் மேஜிக் ஐ (நிலையம் சரியாகச் சிக்கியதைக் காட்டும் கண்) பச்சையாக ஒளிர்ந்தது. மீடியம் வேவில் ஒரு நிலையம் கணீரென்று கேட்டதும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இருபது நிமிடம் போயிருக்கும், பாடகருக்குத் தொண்டை கட்டியதுபோல் ஆகிவிட்டது. பின்மூடியைத் திறந்தால் ஸ்பீக்கரை ஓட்டும் ஈ.எல். 84 வால்வுக்குள் தகடு (பிளேட்) கங்குபோல் சிவந்திருந்தது. பாய்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கினேன்.

காரணம் விரல் நீளத்தில் ஒரு மெழுகு பூசிய காகிதக் கெப்பாசிட்டர். முன் வால்வின் பிளேட்டிலுள்ள டிசியை (ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தை) தடுத்து, ஒலியை மட்டும் ஈ.எல். 84-இன் கிரிட்டுக்கு (வால்வில் ஓடும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பிவலைக்கு) விடுவதுதான் அதன் வேலை. காகிதம் ஈரம் குடித்துக் குடித்து உள்ளே கசிய ஆரம்பித்துவிடும்; அந்த டிசி கிரிட்டில் ஏறினால் வால்வில் கரண்ட் எகிறிவிடும். கிரிட்டில், அதாவது 2-ஆம் பின்னில், மீட்டர் பூஜ்ஜியம் காட்ட வேண்டும். எனக்கு ப்ளஸ் 6 வோல்ட். சில நேரம் வால்வே கெட்டுப்போய் இப்படிக் காட்டும் என்பதால், அணைத்து வால்வைக் கழற்றிவிட்டு, ஒரு நொடி போட்டு மறுபடி அளந்தேன். அப்போதும் ப்ளஸ்தான். ஆக, திருடன் கெப்பாசிட்டர். 0.01 மைக்ரோஃபாரட் 400 வோல்ட் இருந்த இடத்தில் அதே மதிப்பில் 630 வோல்ட் ஃபிலிம் வகை போட்டேன். கிரிட் பூஜ்ஜியத்துக்கு வந்தது, கேத்தோடு (வால்வில் எலக்ட்ரான் கிளம்பும் முனை) 7 வோல்ட்டில் நின்றது. அந்தக் கரண்டில் ஸ்பீக்கருக்கு முன்னால் உள்ள அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகாமல் தப்பியது என் அதிர்ஷ்டம்.

அப்புறம் டிசியைச் சீராக்கும் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கேன், ஒரே டப்பாவில் 50+50 மைக்ரோஃபாரட் இரண்டு கெப்பாசிட்டர். பழசைக் கழற்றி எறியவில்லை. அழகுக்கு மேலே நிற்கட்டும் என்று அதன் இணைப்புகளை மட்டும் துண்டித்துவிட்டு, சேசிஸுக்கு (பாகங்களைப் பொருத்திய உலோகத் தட்டுக்கு) அடியில் 47 மைக்ரோஃபாரட் 450 வோல்ட் இரண்டு வைத்தேன். பழசோடு சேர்த்தே புதுசையும் கட்டிவிடுகிறார்கள் சிலர், அது வேண்டாத வேலை. 'பெரிசாப் போட்டா ஸ்பீக்கர்ல உறுமல் போயிடும்' என்று 100 போடச் சொன்னார் ஒரு நண்பர். ரெக்டிஃபயராக (ஏசியை டிசியாக்கும் வால்வாக) இருக்கும் ஈ.இசட். 80-க்கு முதல் கெப்பாசிட்டர் 50-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் உறுமலோடு வால்வும் போய்விடும்.

இப்போதெல்லாம் எந்தப் பழைய செட்டானாலும் 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் (செட்டுக்குப் போகும் கரண்ட் பல்பு வழியாகவே போகும்படி) போட்டுத்தான் முதல் தடவை உயிர் கொடுக்கிறேன். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. மங்காமல் நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட்.

* * *

மேலே உள்ளதைப் படித்த இன்னொருவன் எழுதுகிறேன். என் செட்டில் கேன் மாற்றும்போது நான் பட்ட பாடு வேறு மாதிரி. கேனுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு பழுப்பு அட்டை வாஷர் இருந்தது. இறுக்கமாக உட்கார வைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்து, புதுக் கெப்பாசிட்டரின் மைனஸை நேராகச் சேசிஸில் பற்றவைத்தேன். உறுமல் குறையும் என்று பார்த்தால் கூடிவிட்டது! அந்த செட்டில் பவர் டிரான்ஸ்ஃபார்மரின் நடு முனைக்கும் சேசிஸுக்கும் இடையில் ஒரு ரெசிஸ்டர். அதிலிருந்துதான் வால்வுக்கு மைனஸ் பயாஸ் (கிரிட்டுக்கு வேண்டிய மைனஸ் வோல்ட்) எடுத்திருக்கிறார்கள். என் புண்ணியத்தில் சார்ஜ் ஆகும் கரண்ட் முழுக்க அந்த ரெசிஸ்டர் வழியாகத் துடித்துத் துடித்து ஓடியது. மைனஸை நடு முனைக்கு மாற்றியதும் அடங்கிவிட்டது. அட்டை வாஷர் கண்ணில் பட்டால் சர்க்யூட்டைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

* * *

மூன்றாவதாக எழுதும் நான் ஆர்வக்கோளாறு கேஸ். ஒரே ராத்திரியில் என் செட்டிலிருந்த பதினான்கு கெப்பாசிட்டர்களையும் மாற்றினேன், மைக்கா வகை உட்பட. மைக்காவும் செராமிக்கும் பெரும்பாலும் கெடுவதில்லை என்று அப்போது தெரியாது. காலையில் போட்டால் நிலையங்கள் எல்லாம் டயலில் இரண்டு விரற்கடை தள்ளி உட்கார்ந்திருந்தன. டயலில் எந்த நிலையம் எங்கே விழும் என்பதைத் தீர்மானிக்கும் ஆசிலேட்டரில் இருந்த மைக்காவுக்குப் பதில் 'ஏறக்குறைய அதே மதிப்பு' என்று ஒன்றைப் போட்டிருந்தேன். அங்கே ஏறக்குறைய என்பது செல்லாது. கழற்றியதெல்லாம் குப்பைத் தொட்டியில். கிளறித் தேடி, காபித்தூள் ஒட்டியிருந்த அந்தப் பழைய மைக்காவைத் துடைத்துத் திரும்ப வைத்ததும் டயல் சொன்ன பேச்சைக் கேட்டது. இப்போது ஒன்றைக் கழற்றினால் ஒன்றைப் போட்டு, ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்தது. அதற்கு முன்னால் போட்டோ.

* * *

முதலில் எழுதியவன்தான். அட்டை வாஷர் விஷயத்தைப் படித்ததும் ஓடிப்போய் என் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். வாஷர் இல்லை, கேன் நேராகச் சேசிஸில்தான் இருக்கிறது. பிழைத்தேன். மெழுகுக் கெப்பாசிட்டர் இன்னும் ஆறு பாக்கி. போட்டோ எடுத்தாகிவிட்டது.