ஆடும் தலை ஜிக் நம்ம வேலூர் ஏரிகளுக்கு ஒத்துவருமா?

ஏரிக்கோடி
"வாபிள் ஹெட் அமெரிக்கா பாஸ் மீனுக்கு. விராலுக்கு ஃப்ராக்தான்" என்று இங்கே திரும்பத் திரும்ப எழுதுறாங்க. வாபிள் ஹெட்னா இந்த ஆடும் தலை ஜிக், ஈயத்தலையும் தூண்டில் முள்ளும் ரப்பர் உடம்பும் சேர்ந்த செயற்கை இரை. ஃப்ராக்னா தண்ணி மேல இழுக்குற ரப்பர் தவளை. எனக்கு உடன்பாடில்லை. அந்த ஜிக்கோட வேலை, அடிக்கல்லைத் தட்டிக்கிட்டே ஊர்றது. அமெரிக்க ஃபுட்பால் மாதிரி நீள்வட்டமா, குறுக்கா ஒரு ஈயத்தலை. முள் அதோட சேர்த்து வார்க்காம, வளையத்துல தனியா ஆடும். தலை கல்லுல இடிச்சுத் தடுமாறும்போது பின்னால இருக்குற ரப்பர் உடம்பு தனியா வாலாட்டும். பாஸ் அதைக் க்ரேஃபிஷ்னு (இறால் மாதிரி, கொடுக்கு உள்ள நன்னீர் உயிரி) நினைச்சு அடிக்குது. நம்ம தண்ணியில க்ரேஃபிஷ் இல்லை, ஆனா நண்டும் உளுவையும் இருக்கே. மோர்தானா அணையில தண்ணி இறங்கினப்புறம் தெரியுற கல்லுப் பக்கமும், ஏரிக்கரை உள்பக்கம் கல் பதிச்ச இடமும் இதுக்குன்னே இருக்கு.

தவளைக்கட்சி
கல்லு இருக்குற இடம் எத்தனை பர்சென்ட் தலைவா? காவேரிப்பாக்கம் மாதிரி பெரிய ஏரியில கரையை விட்டு பத்தடி தள்ளினா வண்டல். 14 கிராம் ஈயம் அதுல புதைஞ்சுடும், ரப்பர் உடம்பும் சேத்துக்குள்ள போயிடும். அங்கே என்ன ஆட்டம்? அதுக்கு மேல பாசி. தலைக்கும் முள்ளுக்கும் நடுவுல இருக்குற அந்த வளையந்தான் பாசி சேர்ற இடம். ஒரு கொத்து மாட்டினாலே முள் ஆடாது, நீங்க சொன்ன சிறப்பு அங்கேயே முடிஞ்சுது. சீமைக்கருவேல முள் மூழ்கிக் கிடக்குற இடத்தைப் பத்தி நான் சொல்லவே வேணாம்.

விரால் காத்துக் குடிக்க மேல வர்ற மீன். ஆம்பல் இலை மேல ஃப்ராக்கை இழுத்து, இலை இடைவெளியில நிறுத்தினா போதும். அடி விழுந்ததும் இழுக்காதீங்க. ஒண்ணு ரெண்டுன்னு எண்ணி, நூல் இறுகினதும் தூக்குங்க.

ஏரிக்கோடி
பாசியில போடச் சொன்னது யாரு? பாசிக்கு ஃப்ராக், ஒத்துக்கறேன். ஆனா மேல வந்து காத்துக் குடிக்கிற மீன் கீழே இரை எடுக்காதா?

பாதிப் பேர் "இது வேலை செய்யலை"ன்னு சொல்றது ரப்பரைக் கோணலா மாட்டுறதால. 4/0 அளவுல ஆஃப்செட் முள் (கண்ணுக்குக் கீழே ஒரு மடிப்பு இருக்கும்), 3 முதல் 4 அங்குல உடம்பு. முனையை மூக்கோட நடுவுல நேராக் குத்தி, அரை சென்டிமீட்டர் போனதும் வயித்துப் பக்கம் வெளியே எடுங்க. மூக்கு அந்த மடிப்புல உட்கார்ற வரை இழுத்து, முள்ளை அரைவட்டம் திருப்புங்க. உடம்பைத் தொங்கவிட்டு, முள்ளோட வளைவு படுற இடத்துல நகத்தால குறி போடுங்க. அங்கே குறுக்கே குத்தி முதுகுல எடுத்து, முனையை மட்டும் தோலுக்குள்ள மறைச்சிடுங்க. குறியைத் தாண்டி வால் பக்கம் குத்தினா உடம்பு கூன் போடும், இழுக்கும்போது சுழலும், நூல் முறுக்கேறும். மூக்குப் பக்கம் குத்தினா இழுபட்டு மூக்கு கிழியும்.

அடுத்தது இழுக்குற விதம். குதிக்க விடக் கூடாது. ராடு நுனியைத் தாழ்த்தி, ஒரே சீரா மெதுவாச் சுத்தணும். ரெண்டு மூணு சுத்து தட்டுச் சத்தமே கைக்கு வரலைன்னா தலை அடியை விட்டு ஏறிடுச்சு. நிறுத்தி இறங்க விடுங்க. அமெரிக்கப் பாஸ் மீன்பிடிப் போட்டியாளர், ஒக்லஹோமாக்காரர் டாமி பிஃபிள் பேர்ல வந்த ஜிக்கை வச்சு இதைத்தான் செய்றாங்க, அடியிலேயே சுத்திக்கிட்டு வர்றது.

கௌண்டின்யா கரை
ரெண்டு பேருமே ஒரு விஷயத்தை விட்டுட்டீங்க. நம்ம ஊர்ப் பாறை கருங்கல். உருட்டுக் கூழாங்கல் வேற, வெடிச்ச கருங்கல் வேற. குறுக்கா அகலமா இருக்குற தலை வெடிப்புக்குள்ள போனா ஆப்பு அடிச்ச மாதிரி நிக்கும். முள் மாட்டலை, தலைதான் மாட்டிக்குது. நேரா இழுத்தா இன்னும் இறுகும். நூலைத் தளர்த்தி, பக்கவாட்டுல நடந்து, எதிர்த்திசையில ராடை ஆட்டினா பாதி நேரம் வந்துடும். பலமா இழுத்துப் பார்க்கிறவங்க நூலோட போறாங்க.

எடையும் பாருங்க தவளைக்கட்சி. எடுத்ததும் 14 கிராம் எதுக்கு? 3/8 அவுன்ஸ், அதாவது பத்து கிராமுக்குக் கொஞ்சம் மேல. ரெண்டு மூணு மீட்டர் ஆழத்துக்கு அதுவே போதும். காத்து அடிச்சாலோ, ஆழம் கூடினாலோ அரை அவுன்ஸ். உடம்பு பெருசானா அதுவே மிதப்பைக் கொடுக்கும், அப்போவும் எடையை ஏத்தணும்.

தவளைக்கட்சி
கௌண்டின்யா சொல்றது சரி. இன்னொண்ணு: பிரெய்டு நூலை (பின்னல் நூல்) ஜிக்குல நேராக் கட்டினா கருங்கல் விளிம்புல உரசி அறுந்துடும். ஃப்ராக்குக்கு 40 பவுண்டு தாங்குற பிரெய்டே போதும், இங்கே மூணடியாவது ஃப்ளோரோகார்பன் லீடர் (பிரெய்டுக்கும் ஜிக்குக்கும் நடுவுல கட்டுற, உரசல் தாங்குற நூல்) வேணும். விராலுக்குப் பல்லும் இருக்கு, 30 பவுண்டுக்குக் குறையக் கூடாது. நண்டு வடிவ ரப்பரை விரால் ஒரு தடவை கடிச்சாலே அதோட ஒரு கொடுக்கு போயிடும். செலவைக் கணக்குப் போட்டுட்டுப் பேசுங்க.

ஏரிக்கோடி
செலவுக்குத்தான் முள் தனியா இருக்குறது. மொட்டையானா முள்ளை மட்டும் மாத்தினாப் போதும். சாதா ஜிக் ஹெட்ல தலையோட தூக்கிப் போடணும். இன்னும் பெரிய லாபம், விரால் தலையை உதறும்போது தெரியும். நீளமான கெட்டி ஜிக்கா இருந்தா ஈயமே நெம்புகோலா மாறி முள்ளைப் பிடுங்கிடும். ஆடுற முள்ளுல அந்தப் பிடிமானம் அதுக்குக் கிடைக்காது.

கௌண்டின்யா கரை
அது உண்மைதான், ஆனா முனை ரப்பருக்குள்ள மறைஞ்சிருக்கு, விரால் வாயோ எலும்பு. தட்டினதும் மணிக்கட்டால வெடுக்குன்னு இழுத்தா ரப்பர் மட்டும் கையில வரும். பாரம் தெரியுற வரை சுத்துங்க, அப்புறம் ராடைப் பக்கவாட்டுல நீளமா வீசுங்க. ஏழடி மீடியம் ஹெவி (ஓரளவு விறைப்பான) ராடுக்குக் கீழே இதுக்கு வேலை இல்லை.

புதுசா வர்றவங்களுக்கு: ஏரி பெரும்பாலும் மீன் குத்தகையில இருக்கும், கேக்காம இறங்காதீங்க. தண்ணி மேல செந்நிறமா குஞ்சுக் கூட்டம் கொதிச்சா தாய் தகப்பன் கீழேதான் காவல் நிக்கும். அந்த இடத்துல எந்தக் கட்சியும் வேணாம்.

தவளைக்கட்சி
அதுக்கு ஓட்டு போடறேன். கோடிக்கு (ஏரியில உபரித் தண்ணி வழியுற இடம்) கீழே கல் பதிச்ச இடத்துக்கு மட்டும் பத்து கிராம் தலை ரெண்டு வாங்கி வச்சுக்கறேன். வளையத்துக்குப் பதிலா ஸ்பிளிட் ரிங் (சாவிக்கொத்து மாதிரி பிளந்த வளையம்) போட்டு ஃபுட்பால் ஈயத்துல நாமே மாட்டலாமா?

ஏரிக்கோடி
மாட்டலாம், ஆனா கெட்டியான ரிங்கா இருக்கணும். மெல்லிசா இருந்தா வீச்சுல வாய் திறந்துடும். முள்ளோட கண்ணு ரிங்குல தடங்கலில்லாம முன்னும் பின்னும் ஆடுதான்னு கட்டுறதுக்கு முன்னாலயே பாருங்க. இறுக்கமா உட்கார்ந்தா அது வெறும் சாதா ஜிக் ஹெட்.