சிங்கப்பூர் ஈசூன், நம்ம புளோக் குழு: பங்குனி உத்திர வாரம்

திங்கள்

கலா அக்கா, காலை 7:10
வணக்கம். ஞாயித்துக்கிழமை உத்திரம், அதான் இந்த வாரம் வானம் எப்படின்னு பார்த்துட்டேன். பருவக்காத்து மாறுற நேரம், காத்து லேசாத்தான் இருக்கும். காலையில சுள்ளுனு வெயில், 33, 34 டிகிரி வரும். ரெண்டு மணிக்கு மேல இடியோட மழை. பெரும்பாலான நாள் இப்படித்தான்.

செல்வம் அண்ணன், 7:22
ஒரு மேகம்கூட இல்லையே கலா. துணி காயப் போடலாமா?

கலா அக்கா, 7:25
போடுங்க அண்ணே, ஒரு மணிக்குள்ள எடுத்துடுங்க. இந்த வெயிலே மழையைக் கொண்டு வந்துடும். தரை கொதிச்சு ஈரக்காத்து மேல ஏறும், கடல்காத்தும் வந்து முட்டும். கண்ணெதிரே மேகம் கட்டிடும்.

செல்வம் அண்ணன், 3:05
எடுக்க மறந்துட்டேன். துணி போட்ட மூங்கில் கம்பு நுனியிலருந்து சொட்டி, கீழ்வீட்டுப் போர்வையும் நனைஞ்சு போச்சு. போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன்.

புதன்

நசீமா, 2:40
உட்லண்ட்ஸ்ல கொட்டுது. நம்ம பக்கம் எப்படி? பையன் திடல்ல பந்து விளையாடுறான்.

கலா அக்கா, 2:41
இங்க சொட்டு மழை இல்ல, ஆனா இடி கேட்குது. உடனே கூப்பிடு நசீமா. மின்னல் அடிச்சு முப்பது எண்ணுறதுக்குள்ள இடி கேட்டா, பத்து கிலோமீட்டருக்குள்ள இருக்குன்னு அர்த்தம். மரத்தடியில நிக்க வேணாம். புளோக்குக்குக் கீழ இருக்கிற வாய்ட் டெக்குக்கு வரச் சொல்லு. கடைசி இடி கேட்டு அரை மணி கழிச்சுப் போகட்டும்.

நசீமா, 2:52
வந்துட்டான். அல்ஹம்துலில்லாஹ்.

கலா அக்கா, 2:55
மைஈஎன்வி செயலியில ரெண்டு மணி நேர முன்னறிவிப்பு இருக்கு. ஈசூன், செம்பவாங், உட்லண்ட்ஸ் எல்லாம் தனித்தனியா காட்டும். வெளியே இறங்குறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க.

வெள்ளி

தேவி, இரவு 8:15
பாட்டி கேட்கச் சொன்னாங்க: பத்து மணிக்கு மேல பால்குடம் எடுத்தா பரவாயில்லையா? கான்பரா ரோட்டு மரத்தடியில கோயில் இருந்த காலத்துலேயே வெயில்ல நடந்தவங்களாம், பயமில்லைங்கிறாங்க.

கலா அக்கா, 8:21
வேண்டாம் தேவி. போன வருஷம் எங்கம்மா பதினோரு மணிக்கு எடுத்தாங்க. தார் ரோடு சுட்டு உள்ளங்கால்ல ரெண்டு கொப்புளம். மூணு நாள் குதிகாலை ஊனித்தான் நடந்தாங்க, செருப்பே போட முடியல. 2023 மே 13 அங் மோ கியோவுல 37 டிகிரி வந்துச்சே, அவ்வளவு வேணாம், 33 டிகிரிக்கே ரோடு அதைவிட எவ்வளவோ சூடாயிடும். சூரியன் ஏழு மணிக்கு மேலதான் வரும். அதுக்கு முன்னாடி கோயில்ல இருந்தா ஒன்பதுக்குள்ள முடிச்சுடலாம்.

செல்வம் அண்ணன், 8:30
காலையில மழை வந்தா?

கலா அக்கா, 8:34
சுமத்ரா பக்கத்துலருந்து காத்துமழை வந்தா மட்டும் விடியற்காலையிலேயே அடிக்கும். 40லருந்து 80 கிலோமீட்டர் வேகத்துல காத்து வீசும். ராத்திரியே ஜன்னல் ஓரத் தொட்டியை உள்ளே வைங்க. அது வந்தாலும் ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல போயிடும், அப்புறம் ரோடு குளிர்ந்திருக்கும். அஞ்சு மணிக்கு எழுந்து ரேடார் பார்த்துக் குழுவுல போடுறேன்.

தேவி, 8:40
பாட்டி சரின்னுட்டாங்க. ஆனா அஞ்சரைக்கே ரெடியா இருப்பாங்களாம்.

கலா அக்கா, 8:41
நான் லிஃப்ட் பக்கத்துல நிக்கிறேன். குடம் நான் தூக்கிட்டு வரேன், கோயில் வாசல்ல பாட்டி எடுத்துக்கட்டும். நசீமா, செருப்புப் பை உன் வண்டியில வைக்கலாமா?

நசீமா, 8:43
வைங்கக்கா. திரும்பும்போது பாட்டியை நானே ஏத்திட்டு வரேன்.