டம்ளரைத் தூக்கினால் கை வெட்டி இழுக்கிறது: உங்கள் வீட்டிலும் உண்டா?

ஐயாற்றுக்காரன்
கொள்ளிடத்தில் உபரித் தண்ணீர் திறந்திருந்த சமயம், தம்பி சுழலில் மாட்டினான். கரையேற்றியபோது மூச்சில்லை. ஐசியூ, வென்டிலேட்டர் எல்லாம் தாண்டி வீட்டுக்கு வந்துவிட்டான். பேச்சு, நினைவு இரண்டும் தெளிவு. சும்மா உட்கார்ந்திருந்தால் ஒரு குறையும் தெரியாது.

அம்மா காபி கொடுத்தார். கை நீட்டும்வரை சரி. டம்ளர் உதட்டை நெருங்கியதும் தோளிலிருந்து ஒரு வெட்டு, காபி முழுக்கச் சுவரில். இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தான், இன்னும் மோசம். பெரியப்பா பார்த்துவிட்டு, "தூங்குறப்போ வராத உதறல் முழிச்சா மட்டும் எப்படிடா வருது?" என்றார். தம்பி பதில் சொல்லவில்லை. டம்ளரைத் தரையில் வைக்கப் பார்த்தான், அதுவும் தெறித்தது. லான்ஸ்-ஆடம்ஸ் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், மூச்சு நின்று மூளைக்கு ஆக்ஸிஜன் போகாததால் பிறகு வரும் தசை வெட்டாம். யாருக்காவது இருக்கிறதா?

பாபநாசம் மாப்பிள்ளை
இது வலிப்புதான், பேரை மாற்றிச் சொல்கிறார்கள். என் மாமனாருக்கு நடவு நேரத்தில் வயலிலேயே மாரடைப்பு. நெஞ்சை அழுத்தி உயிரை மீட்டார்கள். அப்புறம் நடக்கும்போது முட்டி திடீரென்று விட்டுப்போகும். வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிடுவார். வலிப்பு மாத்திரை பினிடாயின் கேட்டு வாங்குங்கள்.

மன்னை அம்மா
பாபநாசம் தம்பி, தயவுசெய்து மாத்திரை பெயர் சொல்லாதீர்கள். இது வழக்கமான வலிப்பு இல்லை, இந்த வெட்டுக்குப் பினிடாயின் பெரும்பாலும் கேட்பதில்லை. குளோனசெபாம், வால்புரோயேட், லெவெடிராசெட்டாம் இவற்றைத்தான் வழக்கமாகப் பார்ப்பார்கள். உங்கள் மாமனாருக்கு முட்டி விட்டுப்போனதும் இதே ரகமாக இருக்கலாம்: தசை ஒரு நொடி பிடியை விட்டுவிடும். நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள்.

என் மகள் பிறந்ததும் அழவில்லை. அவளுக்கு வெட்டு இல்லை, முறுக்கு. சந்தோஷம் வந்தால் விரல்கள் ஒவ்வொன்றாகத் திருகும். மூச்சு நின்றால் எல்லாருக்கும் ஒரே மாதிரி வராது. மூளையில் அடிபட்ட இடத்தைப் பொறுத்தது.

ஐயாறு தம்பி, லான்ஸ், ஆடம்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் 1963இல் நாலு நோயாளிகளைப் பார்த்து எழுதியது இதைத்தான். ஒரு வேலை செய்யப்போனால்தான் வெட்டும், தூக்கத்தில் அடங்கும். அவன் நடிக்கவில்லை. பெரியப்பாவை அடுத்த தடவை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். பின்னாலிருந்து தொடாதீர்கள், திடீர்ச் சத்தமும் ஆகாது. காபிக்கு மூடிபோட்ட டம்ளர், ஸ்ட்ரா. குளோனசெபாம் கொடுத்திருந்தால் தூக்கம் வருகிறதென்று நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.