கோவைக்குக் குடிவருகிறோம்: காட்டோரம் வீடு எடுக்கலாமா?

பெரம்பூர்க்காரி:

வணக்கம். வருகிற சித்திரையில் சென்னை பெரம்பூரிலிருந்து கோவைக்கு வீடு மாறுகிறோம். என் கணவர் சரவணம்பட்டியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. நண்பர் ஒருவருடைய அறையில் தங்கியிருக்கிறார். எனக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை. மகள் மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள். மாமனார் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், வயது 72. இப்போது இருப்பது இரண்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு ஏசி பெட்டி முகத்தில் ஊதும். மொட்டைமாடியில் பதினான்கு தொட்டிகள் வைத்து, காலையும் மாலையும் குடத்தில் தண்ணீர் சுமக்கிறார் மாமனார். "போகிற ஊரிலாவது மண்ணில் நட வேண்டும்" என்பது ஒன்றுதான் அவர் எங்களிடம் கேட்டது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வந்து ஏழு வீடு பார்த்தோம். ஆறு வீடு நினைவிலேயே இல்லை. ஏழாவது, கணுவாயைத் தாண்டி, தடாகம் ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே. தனி வீடு, முன்னால் நான்கு சென்ட் வெறும் மண், பின்னால் யாருடைய தோட்டமோ, அதற்கப்பால் மலை. காலை பதினொரு மணிக்கு வேலிமேல் மயில் உட்கார்ந்திருந்தது. வாடகை 15,000, அட்வான்ஸ் ஒரு லட்சம். மாமனார் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து நசுக்கிப் பார்த்து, "செம்மண்" என்றார். அப்போதே அவர் குடிவந்துவிட்டார், நாங்கள்தான் பாக்கி.

யானை வருமா என்று தரகரிடம் கேட்டேன். "அதெல்லாம் அந்தப் பக்கமுங்க" என்று மேற்கே கையை நீட்டினார். நாங்கள் நின்றிருந்ததே மேற்குதான்.

அட்வான்ஸ் கொடுக்க ஒரு வாரம் அவகாசம் கேட்டிருக்கிறோம். அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அது வேண்டாம் என்றால் எது? மரமும் மலையும் கண்ணில் பட வேண்டும், சரவணம்பட்டிக்குத் தினமும் போய்வரவும் முடிய வேண்டும்.


வடவள்ளிவாசி:

பதினொரு வருடமாக வடவள்ளியில் இருக்கிறேன். வேறு ஊரைச் சொல்ல வாய் வராது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றுக்குக் கொடியில் துணி நிற்காது. வெயில் அடித்துக்கொண்டே சாரல் விழும். வேளாண் பல்கலைக்கழகமும் அதன் தாவரவியல் பூங்காவும் நகரத்துக்குப் போகிற வழியிலேயே. உங்கள் மாமனாருக்கு ஒரு மாலைப்பொழுது போதாது. காந்திபுரத்துக்கு பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை, எல்லாம் மருதமலைக்குப் போய்த் திரும்புகிற பஸ்கள்.

எந்தப் பக்கம் வீடு பார்த்தாலும் இதைக் கேட்டுவிடுங்கள். இங்கே வீட்டுக்கு இரண்டு குழாய்: நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர். சென்னையிலிருந்து வருபவர்கள் உப்புத் தண்ணீர் என்றதும் கடலை நினைத்துக்கொள்கிறார்கள். போர்வெல் தண்ணீருக்குத்தான் அந்தப் பெயர். நல்ல தண்ணீர் எங்களுக்குச் சிறுவாணி அணையிலிருந்து. "தண்ணீர் வருமா" என்று கேட்டால் எல்லா வீட்டுக்காரரும் வரும் என்பார்கள். "நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை" என்று கேளுங்கள்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். சரவணம்பட்டி எங்களுக்கு ஊரின் மறுகோடி. என் தம்பி இங்கிருந்து மூன்று மாதம் போய்வந்தான், காலையில் ஒன்றேகால் மணி நேரம். நான்காம் மாதம் காளப்பட்டிக்கே வீடு மாற்றிக்கொண்டான். தைப்பூசத்தன்று மருதமலை ரோட்டில் வண்டியையே எடுக்க முடியாது.


சின்னத்தடாகத்தான்:

அம்மணி, நீங்கள் பார்த்த வீடு எந்தப் பக்கம் என்று சுமாராகப் பிடிபடுகிறது. அதே பள்ளத்தாக்கில் 2003 முதல் இருக்கிறேன். இரும்பு வார்க்கும் பவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி) செய்து பிழைத்தவன். இப்போது பட்டறையை மகனிடம் விட்டுவிட்டுச் சும்மா இருக்கிறேன். ஆகவே நீளமாகத்தான் எழுதுவேன்.

தரகர் சொன்ன "அந்தப் பக்கம்" என்று ஒன்று கிடையாது. மதுக்கரை, போளுவாம்பட்டி, கோவை, பெரியநாயக்கன்பாளையம், காரமடை, மேட்டுப்பாளையம், சிறுமுகை என்று கோவை வனக்கோட்டத்தில் ஏழு சரகங்கள். வாளையாற்றிலிருந்து சிறுமுகை வரை மாவட்டத்தின் மேற்கு ஓரம் பெரும்பாலும் அடிவாரம்தான். அந்த ஓரமாக வடக்கும் தெற்கும் நடப்பது யானைக்குப் பரம்பரைப் பழக்கம். அந்த வழியில்தான் நாம் வாழையும் மக்காச்சோளமும் வைத்தோம், போர் போட்டுத் தொட்டியில் தண்ணீரும் நிரப்பினோம். பந்தியும் போட்டு, தண்ணீரும் வைத்துவிட்டு, ஏன் வந்தாய் என்று கேட்கிறோம்.

உங்கள் மாமனார் நசுக்கிப் பார்த்தாரே, அந்தச் செம்மண்ணுக்காகத்தான் எங்கள் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகள் பெருகின. எரிக்கப் பனைமரத்தைப் பிளந்து மலைபோலக் குவித்திருப்பார்கள். அதன் உள்ளே இருக்கும் சோற்றைத் தின்ன யானை வரும். அனுமதியில்லாத சூளைகளை 2021இல் மூடினார்கள். மண் எடுத்த பள்ளங்கள் அப்படியே கிடக்கின்றன. யானையின் பழக்கமும் போகவில்லை. சின்னத்தம்பி என்கிற யானையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2019 ஜனவரியில் எங்கள் பக்கத்தில் பிடித்து டாப்சிலிப் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்து இறங்கி உடுமலைப்பேட்டை பக்கம் கரும்புக்கு நடந்து வந்துவிட்டான். பிப்ரவரியில் மறுபடி பிடித்து வரகளியாறு முகாமில் மரக்கூண்டில் அடைத்தார்கள். எங்கள் தெருவில் இன்றும் அவனைப் பற்றி வெளியூர் போன பங்காளியைப் போலத்தான் பேசுவோம்.

எங்கள் வீட்டுக்கு வந்தது அவன் இல்லை, பெயர் தெரியாத ஒன்று. மகள் பிரசவத்துக்கு வந்திருந்த சமயம், மார்கழிக் கடைசி. அடுக்களை மேடைக்கு அடியில் ஒரு மூட்டை ரேஷன் அரிசி இருந்தது, பக்கத்தில் மாட்டுக்கு வாங்கிய புண்ணாக்கு. இரவு இரண்டு மணிக்கு நாய் குரைத்தது. பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டது. குரைத்தபோது புரண்டு படுத்தவன், நிறுத்தியதும் எழுந்து உட்கார்ந்தேன். அடுக்களை ஜன்னலில் எப்போதும் தெருவிளக்கு வெளிச்சம் விழும். அன்று ஜன்னலே இல்லாததுபோல இருட்டு. அந்த இருட்டு மூச்சு விட்டது. கம்பிகளுக்கு நடுவே தும்பிக்கை நுனி நுழைந்து, மின்சாரம் போனால் எங்கள் ஆத்தா தீப்பெட்டி தேடுவாளே, அப்படி மேடையைத் தடவியது. உப்புச் சாடியைத் தொட்டது, மெல்ல ஓரமாக நகர்த்தியது. உடைக்கவில்லை. பிறகு வெளியே ஒரு தள்ளு. ஜன்னல் சட்டத்தோடு பெயர்ந்து உள்ளே விழுந்தது. பின்னறையில் ஐந்து பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, அரிசி தரையில் சிந்துகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். விடிந்து பார்த்தால் வீட்டு வெளிச்சுவரில், என் தலைக்கு மேலே இரண்டடி உயரத்தில், காய்ந்த சேறு ஒரு கோடாக இழுத்திருந்தது. உரசிக்கொண்டு போயிருக்கிறது. மூன்று பொங்கலுக்கு அந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு அடிக்கவிடாமல் வைத்திருந்தேன். பிறகு வீட்டுக்காரி ஜெயித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அரிசி உள்ளறையில் இரும்பு டிரம்மில். புண்ணாக்கு வாங்கிவைப்பதில்லை, மாட்டையும் கொடுத்துவிட்டோம். வாழை, பலா, கரும்பு எதுவும் கிடையாது. இவற்றைக்கூடப் பழகிக்கொள்ளலாம். உங்கள் வீட்டுக்குச் சரிவராது என்று நான் நினைப்பது வேறொன்று. 72 வயதுக்காரர் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்? நாலரை, ஐந்து? எழுந்ததும் கதவைத் திறந்து செடியைப் பார்க்க வெளியே வருவார். இங்கே வெயில் வரும்வரை வாசல் தாண்டக் கூடாது. விடியுமுன் நடக்கவும் பால் வாங்கவும் போனவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அவ்வளவு பெரிய உடம்பு பத்தடி தூரத்தில் நின்றாலும் இருட்டில் தெரியாது, நம்புங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றவே வீடு தேடுபவரை ஏழு மணிவரை பூட்டி வைக்க முடியுமா?

சிறுத்தை பற்றி நீங்கள் கேட்கவில்லை. நாய் வளர்ப்பதாக இருந்தால் இரவில் உள்ளே கட்டுங்கள். 2022 ஜனவரியில் நகரத்துக்குள்ளேயே, குனியமுத்தூர் பக்கம் ஒரு பழைய குடோனுக்குள் சிறுத்தை நாள்கணக்கில் உட்கார்ந்துகொண்டு, பிறகுதான் கூண்டில் சிக்கியது. ஆகவே அதற்கு அடிவாரம்தான் வேண்டும் என்றில்லை. மயில் பதினைந்து நாள் அழகு. பதினாறாம் நாள் கத்தரி நாற்றைக் கொத்திப் போடும்.

வீட்டைப் பகல் பதினொரு மணிக்குப் பார்த்திருக்கிறீர்கள். ஒரு வேலைநாளில், கணவர் வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில், சரவணம்பட்டியிலிருந்து அந்த வாசல்வரை வந்து பாருங்கள். கடைசி ஒன்றரை கிலோமீட்டரில் எத்தனை விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். தடாகம் ரோட்டில் ஓர் ஆட்டோவை நிறுத்தி, உள்ளே வருவாரா என்று கேளுங்கள். மளிகைக் கடையில் ஒரு சோடா குடித்துவிட்டு, மேலே தம்பி தண்ணீருக்குச் சொன்ன மாதிரியே, "வருமா" என்று கேட்காமல் "இந்த மாதம் எத்தனை தடவை" என்று கேளுங்கள். அத்தனையும் பார்த்த பிறகும் பிடித்திருந்தால் வாருங்கள். பக்கத்து வீட்டுக்கு நல்ல மனிதர்கள் வருவது எனக்கும் சந்தோஷம்தான்.

எனக்கு உங்கள் கணவர் வேலை இருந்தால் மேட்டுப்பாளையம் ரோட்டுக்குக் கிழக்கே, துடியலூர், வெள்ளக்கிணறு பக்கம் பார்ப்பேன். சரவணம்பட்டிக்கு நேர் ரோடு. மாடி ஏறினால் குருடிமலை. கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் காலை, எட்டித் தொடலாம் போல நிற்கும். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறியதும் பொன்னூத்து அம்மன் கோயிலுக்கோ அனுவாவி முருகன் கோயிலுக்கோ போய், நாலு மணிக்குள் இறங்கிவிடுங்கள்.


பத்திர எழுத்தர்:

வாடகைக்குத்தானே என்று நினைக்க வேண்டாம். அடிவாரத்துக்கு வாடகைக்கு வருபவர்கள் இரண்டு வருடத்தில் அங்கேயே சைட் பார்க்கத் தொடங்குவார்கள். என் மேசைக்கு வருகிறவர்களைப் பார்த்துச் சொல்கிறேன். மேற்கே பல கிராமங்கள் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் இருக்கின்றன. வாய்வழக்கில் 'ஹாக்கா' என்பார்கள். அந்தக் கிராமங்களில் மனை பிரிக்க வழக்கமான ஒப்புதல் மட்டும் போதாது, குழுமத்தின் அனுமதியும் வேண்டும். வில்லங்கச் சான்றும் பட்டாவும் சுத்தமாக இருக்கும், வீடு கட்ட மட்டும் முடியாது. என் மைத்துனர் என்னைக் கேட்காமல் ஐந்து சென்ட் வாங்கினார். வரைபட அனுமதி கிடைக்கவில்லை. இப்போது அதில் தட்டைப்பயறு விதைக்கிறார், காட்டுப்பன்றி அறுவடை செய்கிறது.


பெரம்பூர்க்காரி:

எல்லோருக்கும் நன்றி. நானும் மாமனாரும் வெள்ளிக்கிழமை வந்தோம். கணவர் நண்பருடைய காரை வாங்கிக்கொண்டு வந்தார். சரவணம்பட்டியில் ஆறே முக்காலுக்குக் கிளம்பி, தடாகம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும்போது ஏழே முக்கால். ஒன்பது கம்பங்கள், எரிந்தவை இரண்டு. மளிகைக் கடைக்காரர் மாதக் கணக்கு தெரியாது என்றார். போன வாரத்தில் மட்டும் மூன்று தடவை என்றார்.

வீடுவரை போகவில்லை. பாதி வழியில் வனத்துறை ஜீப் குறுக்கே நின்றது. சீருடையில் இருந்த இளைஞர் ஒருவர் டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு வந்து, "விளக்கை அணைத்துவிட்டு அப்படியே பின்னால் எடுங்கள்" என்றார். வலப்பக்கம் மக்காச்சோளக் காடு. ஒன்றும் தெரியவில்லை. தட்டை ஒடிகிற சத்தம் மட்டும், அவசரமே இல்லாமல், ஒன்று, இன்னொன்று. மாமனார் கண்ணாடியை இறக்கி மூக்கை வெளியே நீட்டினார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். திரும்பும்போது வழியெல்லாம் அவர் பேசவில்லை. துடியலூர் வந்ததும், "நான் நாலரைக்கு எழுந்திருக்கிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

சனிக்கிழமை வெள்ளக்கிணற்றில் ஒரு கீழ்வீடு முடித்தோம். வாடகை 17,000. வேம்பு ஒன்று, தென்னை ஒன்று, ஒன்றரை சென்ட் மண். செம்மண் இல்லை. நல்ல தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு முறை, கேட்டுவிட்டேன். மாடியிலிருந்து மலை தெரிகிறது. மாமனார் உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார் ஐயா: அங்கே வாழை வைக்கலாமா?


சின்னத்தடாகத்தான்:

ரோட்டுக்குக் கிழக்கே இரண்டு வாழைக்காக யாரும் மெனக்கெட்டு வரமாட்டார்கள், தாராளமாக வைக்கச் சொல்லுங்கள். கன்று கொடுக்க என்னிடம் வாழை இல்லை. எலுமிச்சையும் கறிவேப்பிலையும் நாற்று இருக்கின்றன. எங்கள் விருந்தாளிகள் இதுவரை தொடாதவை இவை இரண்டும்தான். மாமனாரை அழைத்துக்கொண்டு வாருங்கள். பகலில்.