செஸ் புதிரில் 1900, ரேபிட்டில் 1300: கையில் இருக்கும் ஆட்டத்தைக் கோட்டை விடுகிறேன், உதவுங்கள்

கறுப்புக்குதிரை:
வணக்கம். லிசெஸ் என்ற ஆன்லைன் செஸ் தளத்தில் 10 நிமிட ஆட்டம் (ரேபிட்) மட்டும்தான் ஆடுவேன். ஓப்பனிங் (தொடக்க நகர்வு வரிசை) வெள்ளை என்றால் லண்டன், கறுப்பு என்றால் காரோ-கான், வேறு எதுவும் கிடையாது. என்னுடையது தாக்குதல் பாணி. கோட்டை கட்டிய கையோடு ஓரத்து எச் சிப்பாயை விரட்டி, ராணியை எதிராளி ராஜா பக்கம் கொண்டுபோய்விடுவேன். பாதி ஆட்டத்தில் ஒரு காய் அதிகமாகவே வைத்திருப்பேன். அப்புறம் எங்கேயோ சொதப்பல். புதிர் (சரியான நகர்வைக் கண்டுபிடிக்கும் பயிற்சி) ரேட்டிங் 1900, ரேபிட் மட்டும் 1300-ஐத் தாண்ட மறுக்கிறது. ஓப்பனிங்கை மாற்ற வேண்டுமா?

சிப்பாய்எட்டு:
ரெண்டு கேள்வி. தோற்கும்போது உங்க கடிகாரத்துல எவ்வளவு மிச்சம்? எதிராளி ராணிக்கு ராணி வெட்டக் கூப்பிட்டா என்ன பண்ணுவீங்க?

கறுப்புக்குதிரை:
பழைய ஆட்டங்களைப் புரட்டினேன். பெரும்பாலும் 5, 6 நிமிடம் மிச்சம். ராணியை ஒதுக்கிவிடுவேன். ராணி போனால் ஆட்டமே செத்துவிடுமே!

சிப்பாய்எட்டு:
செத்தா நல்லதுதானே, ஒரு காய் மேல இருக்கிறது நீங்க! பலகையில காய் குறையக் குறைய அந்த ஒரு காயோட பலம் கூடும். ராணி தேவைப்படுறது தோத்துக்கிட்டு இருக்கிறவருக்கு, அவரோட கடைசி நம்பிக்கையே தொடர் செக்தான். நீங்க ஒதுங்குற ஒவ்வொரு தடவையும் அவருக்கு உயிர் வருது. ஆனா சிப்பாய்களை எல்லாம் வெட்டித் தீர்த்துடாதீங்க. ராஜாவும் ஒத்தைக் குதிரையும் வெச்சு மேட் பண்ண முடியாது, ராணியாக ஒரு சிப்பாயாவது மிஞ்சணும்.

அடுத்தது நேரம். 10 நிமிட ஆட்டத்தை பிளிட்ஸ் (அதைவிட வேகமான ஆட்டம்) மாதிரி ஆடுறீங்க. ஆட்டம் முடிஞ்சதும் அலசல் பக்கத்துல நகர்வு நேர வரைபடம் இருக்கும். சொதப்பின நகர்வுக்கு எத்தனை விநாடி எடுத்தீங்கன்னு பாருங்க. பாணி பாணின்னு சொல்றோம், பாதி நேரம் அது அவசரம்தான்.

ராத்திரிஆட்டம்:
எனக்கு லண்டன் மேலதான் சந்தேகம். பிஷப் எஃப்4 கட்டத்துக்குப் போனதும் பி2 சிப்பாய் அநாதை. சி5, ராணி பி6-னு வந்தா கதை முடிஞ்சுது.

சிப்பாய்எட்டு:
முடியாது ப்ரோ. 1.டி4 டி5 2.பிஷப் எஃப்4 சி5 3.இ3 ராணி பி6, இங்க 4.குதிரை சி3. பி2-வை ராணி வெட்டினா 5.குதிரை பி5, அடுத்து சி7-ல செக், கூடவே யானைக்கும் குறி. அதோட, ஓப்பனிங் முடிஞ்சு காய் மேல இருக்கேன்னு அவரே சொல்றார். பிறகு ஓப்பனிங்கை ஏன் திட்டணும்?

மௌனபிஷப்:
புதிர் ரேட்டிங்கையும் ஆட்ட ரேட்டிங்கையும் ஒப்பிடாதீர்கள், இரண்டும் தனித்தனிக் கணக்கு. புதிரைத் திறக்கும்போதே "இங்கே ஏதோ இருக்கிறது" என்று தெரிந்துவிடுகிறது. ஆட்டத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். தற்காப்பு நகர்வு வகைப் புதிர்களைத் தேடிப் போடுங்கள், தாக்குகிறவர்கள் அந்தப் பக்கமே போவதில்லை. நகர்த்தும் முன் எதிராளியின் செக், வெட்டு, மிரட்டல் மூன்றையும் ஒரு பார்வை பார்த்தால் போதும். 15+10 (ஆளுக்கு 15 நிமிடம்) ஆடுங்கள், நகர்வுக்கு 10 விநாடி கூடுவதால் கடைசிக் கட்டத்தில் பதற்றம் குறையும். தோற்ற சூட்டோடு மறு ஆட்டம் பொத்தானைத் தொடாதீர்கள்.

கறுப்புக்குதிரை:
15+10 ஆடிப் பார்த்தேன். ராணியை வெட்டினேன், செம போர், ஆனால் ஜெயித்துவிட்டேன். இன்னொரு சந்தேகம். வேறொரு ஆட்டத்தில் எதிராளிக்கு நேரம் தீர்ந்தும் டிரா என்று வந்தது. ஏதாவது பிழையா?

சிப்பாய்எட்டு:
அப்போ உங்ககிட்ட என்ன காய் இருந்துச்சு?

கறுப்புக்குதிரை:
வெறும் ராஜா.

சிப்பாய்எட்டு:
அப்போ டிராதான். மேட் பண்ண வழியே இல்லாதவருக்கு நேரத்துல வெற்றி கிடையாது.