சக்கைக்குரு (பலாக்கொட்டை) சாப்பிட்டால் அப்பாவுக்கு வயிறு ஊதுவது ஏன்?

குலசேகரம் மகள்:
அப்பாவுக்கு 74 வயது. ரப்பர் பால் வெட்டியே எங்களை வளர்த்தவர். சக்கைக்குருவும் மாங்காயும் போட்ட கறி இருந்தால் அவருக்கு வேறு எதுவும் வேண்டாம். ஆனால் மதியம் சாப்பிட்டால் இரவு ஏழு மணிக்கு வயிறு மத்தளமாகிவிடுகிறது. வயிற்றை அமுக்கிக்கொண்டு வாசலுக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டே இருப்பார். கூப்பிட்டாலும் பதில் வராது. கஞ்சியும் சிறுபயறும் சாப்பிட்ட நாளும் இப்படித்தான். மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) அவ்வளவு தொல்லை செய்வதில்லை. வாயுப் பண்டத்தை அடியோடு நிறுத்தச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அத்தை. ஆசைப்பட்டுக் கேட்பவருக்கு இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உடனே வராமல் ஐந்தாறு மணி நேரம் கழித்து வருவது ஏன்?

தக்கலை ஆசிரியர்:
அந்த ஐந்தாறு மணி நேரத்தில்தான் விடையே இருக்கிறது, சகோதரி. பயற்றில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கும் ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் நொதி மனிதச் சிறுகுடலில் சுரப்பதில்லை. அதனால் செரிக்காமலே பெருங்குடல்வரை போகின்றன. அதற்கே சில மணி நேரம் ஆகும். அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைக்கும்போது ஹைட்ரஜனும் கார்பன் டைஆக்சைடும், சிலருக்கு மீத்தேனும் உண்டாகின்றன. இவற்றுக்கு மணமே கிடையாது. நாற்றமெல்லாம் மிகச் சிறிதளவே உண்டாகும் கந்தக வாயுக்களால். சக்கைக்குருவில் எளிதில் செரிக்காத மாவுச்சத்து இருக்கிறது, அதற்கும் இதே வழிதான். நன்றாக வெந்த மரச்சீனியின் மாவு பெரும்பாலும் சிறுகுடலிலேயே செரித்துவிடும். சூடாகக் கொடுங்கள், ஆறினால் செரிக்காத மாவு கூடும்.

கருங்கல் பாட்டி:
மக்களே, நிறுத்தாதே. பயற்றை இரவே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவை. முளைகட்டினால் இன்னும் நல்லது. குரு நகத்தால் அழுத்தினால் மாவாக உடைய வேண்டும். அதுவரை அடுப்பை அணைக்காதே. ஒரு நேரத்துக்கு ஐந்தாறு குரு போதும்.

தக்கலை ஆசிரியர்:
பாட்டி சொல்வது சரி. அந்தச் சர்க்கரைகள் தண்ணீரில் கரைபவை. வாயுவுக்கு நல்லது என்று பூண்டை அள்ளிப் போடாதீர்கள். பூண்டிலும் வெங்காயத்திலும் ஃப்ரக்டான் என்ற, சிறுகுடலில் செரிக்காத நார்ச்சத்து இருக்கிறது, அதுவும் புளித்து வாயுவாகும்.

நாகர்கோவில் செவிலியர்:
அப்பாவின் வயதை நினைத்து ஒன்று சொல்கிறேன். நெஞ்சு அழுத்தம், வியர்வை, இடது கையில் வலி வந்தால் வாயு என்று வெந்நீர் கொடுத்து உட்காரவைக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மலத்தில் இரத்தம் கண்டாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

குலசேகரம் மகள்:
எல்லோருக்கும் நன்றி. நெஞ்சுவலி எதுவும் இல்லை, கேட்டுவிட்டேன். நேற்று ஆறு குரு எண்ணிப் போட்டு, குழைய வேகவைத்துச் சூடாகக் கொடுத்தேன். இரவு ஒரே ஒருமுறைதான் கிணற்றடிவரை நடந்தார். ஒன்பது மணிக்குப் படுத்துவிட்டார்.