குறுக்கு வலிக்கு ட்ராமடால் கேக்குறாக, என்ன சொல்லி அனுப்ப?

பாம்பன்_கவுண்டர்:
டி.பார்ம் முடிச்சு இங்க ஒரு மெடிக்கல்ல புதுசா சேந்துருக்கேன். போட் கிளம்புறதுக்கு முன்னாடி தொழிலுக்கு போற அண்ணனுக வந்து வலை இழுத்து குறுக்கு புடிச்சுக்கிருச்சு, வீரியமான வலி மாத்திரை ட்ராமடால் ஒரு அட்டை குடுங்குறாக. கைல இருக்குறது போன வருசத்து டாக்டர் சீட்டு, மடிச்சு மடிச்சு எழுத்தே போயிருச்சு. இல்லனு சொன்னா மொறைக்கிறாக. இன்னொண்ணு, ஒரு பையன் அவுக அப்பாவுக்கு கேன்சர்னு மதுரைல குடுத்த மார்ஃபின் மாத்திரைய காட்டி, இது பழக்கமாயிருமா, ராத்திரிக்கு மட்டும் குடுத்தா போதுமானு கேட்டான், நாளைக்கு திரும்ப வருவான், என்ன சொல்லலாம்?

ராம்நாடு_ஸ்டோர்:
தம்பி, ட்ராமடால் ஹெச்1 பட்டியல் மருந்து, டாக்டர் சீட்டு இல்லாம குடுக்கக்கூடாது. 2014 மார்ச்ல இருந்து தனி ரெஜிஸ்டர், டாக்டர் பேரு அட்ரஸ், பேசன்ட் பேரு, எத்தனை மாத்திரைனு எல்லாம் எழுதி 3 வருசம் வச்சிருக்கணும். 2018ல என்டிபிஎஸ்ங்குற போதைப்பொருள் சட்டத்துக்குள்ளயும் வந்துருச்சு. திரும்ப குடுக்கலாம்னு டாக்டர் எழுதலன்னா ஒரு சீட்டுக்கு ஒரு தடவதான், குடுத்ததும் டாக்டர் கையெழுத்துக்கு மேல நம்ம கடை பேரு, தேதி போட்டுரு, அப்புறம் அதே சீட்ட தூக்கிட்டு எவனும் வரமாட்டான். மார்ஃபின் விசயத்துல வாயே தொறக்காத, நமக்கு எதுக்கு வம்பு.

ஜிஹெச்_பார்மசி_அக்கா:
அண்ணே முதல் பாதி சரி, கடைசி வரிதான் தப்பு. நம்ம கடைல விக்காத மருந்துனாலும் கேட்டு வந்தவனுக்கு பதில் சொல்லலாம்ல, கேன்சர் வலிக்கு மார்ஃபின் சுலபமா கெடைக்கணும்னுதான 2014ல அந்த போதைப்பொருள் சட்டத்தையே திருத்துனாக. தம்பி, அந்த பையன்கிட்ட சொல்லு, சாதா மார்ஃபின் பொதுவா 4 மணி நேரத்துக்கு ஒரு தடவ, டாக்டர் எழுதுன நேரப்படி குடுக்கணும், வலி உச்சிக்கு ஏறட்டும்னு காத்திருந்தா அப்புறம் அடக்குறது கஷ்டம். வலிக்கு டாக்டர் சொன்ன அளவுல குடுக்குறது பொதுவா போதைப் பழக்கம் ஆகாது, ஆனா திடீர்னு நிப்பாட்டக்கூடாது. வாந்தியும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் சில நாள்ல கொறஞ்சிரும், மலச்சிக்கல் மட்டும் போகவே போகாது, அதுனால பேதி மாத்திரை கூடவே ஓடணும். பொழுதுக்கும் வேலை செய்ற எஸ்ஆர் மாத்திரையா இருந்தா பொடிச்சு கலக்கக்கூடாது, மொத்த மருந்தும் ஒரே நேரத்துல எறங்கிரும். எழுப்புனா எந்திரிக்கல, மூச்சு ரொம்ப மெதுவா வருது, கண்ணு பாப்பா ஊசிமுனையா சுருங்கியிருக்குன்னா யோசிக்காம 108.

அண்ணனுக விசயம், சட்டம்னு சொன்னா கோவம்தான் வரும், காரணத்த சொல்லு. ட்ராமடால் தல சுத்தும், சில பேருக்கு வலிப்பே வரும், சரக்கோ தூக்க மாத்திரையோ சேந்தா மூச்சையே அமுக்கும், நடுக்கடல்ல யாரு பாப்பாக? அதுக்குனு டைக்ளோஃபெனாக் வலி மாத்திரைய அள்ளிக் குடுத்துராத, வெயில்ல வேர்த்து தண்ணி பத்தாம கெடக்குற ஒடம்புக்கு அது கிட்னில கை வைக்கும், பிரஷர் மாத்திரை போடுற ஆளுன்னா இன்னும் மோசம். பாரசிட்டமால் நாளைக்கு 4 கிராம் தாண்டக்கூடாது, தெனம் குடிக்கிற ஆளுக்கு அதுவே ஜாஸ்தி. ட்ராமடால் காம்பினேசன் மாத்திரைக்குள்ளயும் 325 மில்லி கிராம் பாரசிட்டமால் இருக்கும், அத கணக்குல சேத்துக்க. கால் மரத்துப்போச்சு, ஒண்ணுக்கு வரலன்னா அன்னைக்கு கடலுக்கே போகக்கூடாது, நேரா ஆஸ்பத்திரி.

மண்டபம்_விசைப்படகு:
அக்கா சொல்றது சரிதான், ஆனா விடியக்காலைல எந்த டாக்டர் கதவ தொறந்து வச்சிருக்காக? ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலத்துல போட்டு கரைலதான் கெடக்கும், அப்ப வர்ற ஆளுககிட்ட எக்ஸ்ரே எடுங்க, பிசியோ பாருங்கனு கடைக்காரக சொன்னா கேப்பாக. அப்புறம் ட்ராமடால் மாதிரியே இன்னொரு வலி மாத்திரையான டேப்பன்டடால கரைச்சு ஊசி போடுற பயலுகளையும் எங்களையும் ஒண்ணா நெனச்சு பாக்காதீக, அதுதான் எரிச்சல்.

பாம்பன்_கவுண்டர்:
அக்கா, அந்த பையன் இன்னைக்கு வந்தான். அவுக அப்பா நாலு நாளா வெளிக்கு போகாம வயிறு உப்பிக் கெடக்காராம். சீட்ட வாங்கி பாத்தா பேதி மாத்திரை எழுதித்தான் இருக்கு, காசு மிச்சம்னு அத மட்டும் வாங்காம விட்டுருக்கான். டாக்டருக்கு போன் போட வச்சேன், அவுக உடனே கூட்டிட்டு வரச் சொல்லிட்டாக, இப்பத்தான் வண்டி பிடிச்சு கெளம்புனாக.